எழக்கூடாத பாய்

மார்ச் 4, சனி

இன்றும் மனைவி உனைசி எழுவதற்கு முன்பே பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டேன். அறுபத்திரண்டு வயது ஆண்பிள்ளை, ஊரார் கண்ணில் படாமல் தன் படுக்கையைத் தானே அலசுகிறான். வீட்டுக்குப் பின்னால், ஈரப்பலா மரத்துக்கும் பன்றிப்பட்டிக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறேன். அங்கேதான் காயப்போடுவது. பன்றிகளுக்கு மட்டும் தெரியும்.

தலைநகர் சுவாவிலிருந்து படகில் வந்து இறங்கி இரண்டு வாரம் ஆகிறது. ஊரில் எல்லோரிடமும் சொன்னது ஒன்றே: வயிற்றில் கட்டி, எடுத்துவிட்டார்கள். அது பொய்யில்லை. கட்டி எங்கே இருந்தது என்று மட்டும் சொல்லவில்லை. மூத்திரப்பையில் புற்று. பையையே எடுத்துவிட்டு, என் குடலில் கொஞ்சம் வெட்டி, மடித்துத் தைத்துப் புதுப் பையாக வைத்திருக்கிறார்கள். நியூசிலாந்திலிருந்து வந்த டாக்டர் படம் வரைந்து காட்டினார். படத்தில் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் குடலுக்குத் தன்னை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள் என்பது இன்னும் புரியவில்லை. நிறைந்தாலும் சொல்லாது, பிடித்து வைக்கவும் தெரியாது.

உனைசிக்கு ஆபரேஷன் தெரியும், டயப்பர் தெரியும். பகலில் ஒழுகுவது நின்றுவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். தையல் இழுக்கிறது, புரண்டு படுக்க இடம் வேண்டும் என்று சொல்லி வெளி அறையில் தனியாகப் படுக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து இப்படிப் படுத்ததில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 5, ஞாயிறு

கோயிலில் கடைசி பெஞ்சு. இடுப்பில் வேட்டிபோலச் சுற்றிய கறுப்பு சூலு, ஈரம் தெரியாது. போதகர் இன்று பார்த்தா இவ்வளவு நேரம் பேசணும்?

மார்ச் 9, வியாழன்

கலியோவா வந்தான். உனைசியின் அண்ணன், எனக்கு மச்சான். எங்கள் ஊரில் மச்சான் என்றால் கேலி செய்வது உரிமை மட்டுமில்லை, கடமை. இடுப்பில் பேரனைத் தூக்கி வைத்திருந்தான், கையில் யங்கோனா வேர்க்கட்டு, சபையில் இடித்துக் கரைத்துக் குடிக்கிறது.

"மச்சான், டாக்டர் குடலோட சேர்த்து நாக்கையும் வெட்டிட்டானா? ஊர்க்கூடத்துல உன் சத்தமே இல்லையே. தலைவர் கேட்டுக்கிட்டே இருக்கார்."

"இன்னும் தையல் ஆறல."

"உக்காந்து குடிக்கிறதுக்கு வயித்துத் தையல் என்ன பண்ணும்? எந்திரிச்சு ஓடவா சொல்றோம்?"

எழுந்து ஓட முடியாததுதானடா பிரச்சினை என்று சொல்லியிருக்கலாம்.

அப்பா, அவருடைய அப்பா, அவருக்கும் முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் இந்த ஊர்த் தலைவருக்கு வாயாக இருந்தவர்கள். தலைவர் சபையில் பேசமாட்டார். அவர் மனதில் இருப்பதை நாங்கள் பேசுவோம். அவர் எழுந்து போனால் நாங்களும் கூடவே போவோம். முதல் சிரட்டை யங்கோனா அவருக்கு, இரண்டாவது எனக்கு. யங்கோனா கரைத்த மரச்சட்டியைக் கவிழ்க்கிறவரை யாரும் பாயை விட்டு எழக்கூடாது. தலைவர் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே இன்னொரு தலை தெரியக்கூடாது. ஒரு சபை என்றால் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம். அந்தத் தண்ணீரோ குடித்த அரை மணியில் கீழே இறங்கத் துடிக்கும். முன்பெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அது ஒரு வீரம். இப்போது எதைக் கடித்துக்கொண்டு உட்காருவது?

போகும்போது கலியோவா சொன்னான்: "நீ இல்லாதப்ப உன் தம்பிதான் உன் இடத்துல உக்காந்தான். சகியாசி. நல்லாத்தான் பேசினான், என்ன, கொஞ்சம் திக்கினான்."

எரிச்சல் வந்தது. தம்பி மேல் இல்லை. சத்தியமாக இல்லை.

அதற்குள் பேரன் தாத்தாவின் சட்டையை நனைத்துவிட்டான். கலியோவா சிரித்தான், உனைசி சிரித்தாள், நானும் சிரித்தேன். நனைத்தவனைத் தூக்கி முத்தம் வேறு கொடுத்தார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

நர்ஸ் அஞ்சினிக்கு போன் செய்தேன். சுவா ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்துக்கொண்ட பெண். குரலைக் கேட்டதுமே, "என்ன அங்கிள், நனையுதா?" என்றாள். வெட்கம் என்பதே கிடையாது அந்தப் பெண்ணுக்கு. நல்லவேளை.

"வருதான்னு காத்துக்கிட்டு இருக்காதீங்க. அது சொல்லாது. மணியைப் பார்த்துப் போங்க. ஆம்பிளைன்னு நின்னுக்கிட்டுப் போகாதீங்க, உக்காந்து, கீழ்ச்சதையத் தளர விட்டு, வயித்தை மெல்ல அமுக்குங்க. மத்த நேரம் அந்தச் சதையை இறுக்கி இறுக்கி விடுங்க. பஸ்ல, கோயில்ல, எங்க வேணா செய்யலாம், யாருக்கும் தெரியாது."

"எப்போ சரியாகும்?"

"பகல் சீக்கிரம் வரும். ராத்திரிக்கு நாளாகும். சில பேருக்கு ராத்திரி முழுசா வராது, அங்கிள். பொய் சொல்ல மாட்டேன்."

சளிபோல ஏதோ சேர்ந்து வருகிறது என்றேன். குடலின் குணம் அது, பயப்படாதீர்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்றாள். யங்கோனா? "ஒரு வாய், ரெண்டு வாய் சரி. சட்டி சட்டியா வேணாம்."

நான் தண்ணீரைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 18, சனி

போயிருக்கக் கூடாது.

கலியோவா மறுபடி வந்து இழுத்தான், தலைவர் ஆள் அனுப்பிவிட்டார், தட்ட முடியவில்லை. ஊர்க்கூடத்தில் வாசலுக்குப் பக்கத்தில், கடைசியில் உட்கார்ந்தேன். எப்படியாவது நழுவிவிடலாம் என்று. தலைவர் ராத்து வுனியானி கூடத்தின் மேல்முனையிலிருந்து பார்த்தார். "நெத்தானி, உன் இடம் இங்க இருக்கு," என்றார். எல்லோர் முன்னிலையிலும் அவரே வாய் திறந்து கூப்பிட்டார். "இங்கேயே இருக்கேன், ஐயா," என்றேன்.

அவர் குடித்தார். கை தட்டினோம். "காலி!" என்றார்கள். அடுத்த சிரட்டை கீழே, என்னைத் தேடி வந்தது. ஊற்றுகிறவன் வழக்கம்போல, "வத்தமா, ஏத்தமா?" என்றான். கால் சிரட்டை போதும் என்றால் வத்தம், வழிய வழிய வேண்டும் என்றால் ஏத்தம். கடற்கரை ஊரில் வேறு எப்படிக் கேட்பான்? நான் கையைக் கூப்பி, "வேண்டாம்," என்றேன்.

வேண்டாம். நான் சொன்னேன். இரண்டாவது சிரட்டையை.

சிரட்டை சகியாசிக்குப் போனது. அவன் அதைக் குடித்தான். அந்த நேரம் பார்த்து, தொடையில் சூடாக இறங்கியது. டயப்பர் தாங்கவில்லை. நான் எழுந்தேன். குனிந்துதான் போனேன், மன்னிக்கச் சொல்லிக்கொண்டேதான் போனேன், ஆனாலும் எழுந்தேன். தலைவர் உட்கார்ந்திருக்க, பின்னால் திரும்பிப் பார்க்காமல் இருட்டில் வீட்டுக்கு நடந்தேன்.

கறுப்பு சூலு. யாருக்கும் தெரிந்திருக்காது. தப்பித்தேன் என்று அப்போது நினைத்தேன்.

மார்ச் 20, திங்கள்

யாரும் வரவில்லை. கலியோவாகூட.

மார்ச் 23, வியாழன்

உனைசி பாய் முடையும் பெண்களோடு இருந்துவிட்டு வந்து, கூடையை ஓங்கி வைத்தாள்.

"ஊர் முழுக்க என்ன பேசுதுன்னு தெரியுமா? தம்பி உங்க சிரட்டையக் குடிச்சான்னு உங்களுக்குக் கோவமாம். இடத்தைத் தூக்கிக் குடுத்துட்டார்னு தலைவர் மேலயும் கோவமாம். அதான் கடைசியில போய் உக்காந்தீங்களாம், சிரட்டையத் தள்ளினீங்களாம், முகத்துல அடிச்ச மாதிரி எந்திரிச்சுப் போனீங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! நானாக யோசித்திருந்தால்கூட இவ்வளவு நல்ல காரணம் கிடைத்திருக்காது.

"பேசட்டும்," என்றேன். "கோபக்காரன்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

"நீங்க பின்னாடி காயப்போடுற பாயை யார் திருப்பிப் போடுறான்னு நினைக்கிறீங்க? பன்றியா?" என்றாள். பிறகு, மெதுவாக: "உங்க மானம் உங்களுக்குப் பெரிசு. சகியாசி வீட்டுல மூணு நாளா அடுப்பு சரியா எரியல. அண்ணன் சாபம் விழுந்துடும்னு அவன் பொண்டாட்டி அழுறா."

உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். என்ன எழுத? அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். எல்லாம் தெரியும்.

நாளைக்கே தம்பியிடம் போய்ச் சொல்லலாம். என்ன என்று சொல்வது? சபையில் நூறு பேர் முன்னால் மழை மாதிரி பேசுகிறவனுக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

மார்ச் 29, புதன்

படகுத்துறைக்குப் போகும் வழியில் சகியாசி எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் தென்னந்தோப்புக்குள் இறங்கி, பாதையை எனக்கு விட்டுவிட்டான். தலை குனிந்திருந்தது. அவனுக்கு நீந்தச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

கூப்பிட வாய் எடுத்தேன். அப்போதுதான் நனைந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன், அவன் போய் மறைகிறவரை.

ஏப்ரல் 3, திங்கள்

இரண்டு மணி நேரம் காய்ந்தபடி இருந்தேன்! தோட்டத்தில் மரவள்ளி பிடுங்கும்போது. குனிந்து இழுக்கும்போதுகூட. ஓடிப்போய் உனைசியிடம் சொன்னேன், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. "சரி, கையைக் கழுவிட்டு வாங்க," என்றாள். ஆனால் மத்தியானம் சேம்பிலையில் தேங்காய்ப்பால் கெட்டியாக ஊற்றியிருந்தாள்.

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

ஜெபத்தில் முழந்தாளிட்டேன். நனைந்தது. எழவில்லை. கடைசிவரை அப்படியே இருந்தேன்.

ஏப்ரல் 14, வெள்ளி

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

சாயங்காலம், வீட்டு வாசலில் காலடிச் சத்தங்கள். கலியோவா முன்னால் வந்தான். முகத்தில் கேலி இல்லை. அவனுக்குப் பின்னால் சகியாசி. அவனுக்குப் பின்னால், ஊன்றுகோலோடு — தலைவர். ராத்து வுனியானி. எழுபத்தெட்டு வயது. முழங்கால் இரண்டும் போனவர். அவர் என் வீட்டுக்கு வந்து நான் பார்த்ததில்லை, என் அப்பாவும் பார்த்ததில்லை. நாங்கள்தான் அவர்களிடம் போவோம்.

உள்ளே வந்ததும் என்னை வீட்டின் மேல்முனையில் உட்காரச் சொன்னார்கள். அவர் கீழே, வாசல் பக்கம் உட்கார்ந்தார். கூசிப்போனேன். சகியாசி நுழைந்த இடத்திலிருந்து முழந்தாளிலேயே நகர்ந்து வந்தான். இரண்டு கையிலும் திமிங்கிலப் பல், தேன் நிறம் ஏறிய பழைய பல், தென்னங்கயிறு தொங்க. எங்கள் பக்கம் இதற்கு மேல் மன்னிப்புக் கிடையாது. கொலை செய்தவன்கூட இதைக் கொண்டுவந்து நீட்டினால், வாங்கிக்கொண்டு கோபத்தைப் புதைத்துவிட வேண்டும்.

"அண்ணே," என்றான். பேச வேண்டிய வார்த்தைகளை யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாதியில் திக்கினான். "உங்க இடத்துல உக்காந்தது என் தப்பு. உங்க சிரட்டையக் குடிச்சது என் தப்பு. நீங்க செத்துருவீங்கன்னு நினைச்சு நான் பயந்தேன், அண்ணே, அந்த இடம் காலியா இருக்கக்கூடாதுன்னுதான்—"

தலைவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "உக்காரச் சொன்னது நான். தப்பு என்னோடது."

பல் என் முன்னால் இருந்தது. கையை நீட்டி வாங்கினால் முடிந்தது. சபை வழக்கப்படி நாலு வார்த்தை சொல்லி, கோபம் போயிற்று என்றால் எல்லோரும் கை தட்டுவார்கள், யங்கோனா கரைப்பார்கள். இல்லாத கோபத்தை நான் மன்னிப்பேன். என் தம்பி செய்யாத குற்றத்தைச் செய்தவனாக வீட்டுக்குப் போவான். சாகும்வரை நம்புவான்.

சமையல்கட்டு வாசலில் உனைசி நின்றிருந்தாள்.

"ஐயா," என்றேன். "எனக்குக் கோபமே இல்ல."

மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

"எனக்கு மூத்திரம் நிக்கல, ஐயா."

சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அடைத்த ஓடை திறந்துகொண்ட மாதிரி வந்தது. புற்று எங்கே இருந்தது, குடலை வெட்டியது, நிறைந்தால் தெரியாதது, அன்றைக்கு ஏன் வாசலில் உட்கார்ந்தேன், ஏன் சிரட்டையை வேண்டாம் என்றேன், ஏன் எழுந்து ஓடினேன். "தம்பியும் இல்ல, நீங்களும் இல்ல. தொடையெல்லாம் நனைஞ்சு போச்சு. அது தெரிஞ்சுடக்கூடாதுன்னு உங்க எல்லாரையும் தப்புக்காரங்களா விட்டுட்டேன்." அழுதேன். மறைக்கவில்லை. எழுத வெட்கமாகவும் இல்லை.

கலியோவா தொண்டையைக் கனைத்தான்.

"ஏன்டா மச்சான், இதை உன் வாயிலேர்ந்து வரவைக்க ஒரு திமிங்கிலம் சாகணுமா?"

சகியாசிதான் முதலில் சிரித்தான், அழுகையும் சளியுமாக. உனைசி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்த சிரிப்பில் மறுபடி நனைந்தது, அதையும் சொன்னேன், இன்னும் சிரித்தார்கள்.

தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. "எவ்வளவு நேரம் தாங்கும்?" என்றார், படகில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கேட்பதுபோல.

"நல்ல நாள்ல ரெண்டு மணி, ஐயா. குடிச்சா அதுவும் இல்ல."

தலையை ஆட்டினார். நான் பல்லைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னேன். கையைக் காட்டித் தடுத்தார்.

"கொண்டு வந்த பல் திரும்பிப் போகாது. கோபத்துக்கு இல்லேன்னா, நீ பட்ட வலிக்கு வச்சுக்கோ. எங்ககிட்ட வந்து சொல்ற மாதிரி நாங்க இருக்கலியே, அதுக்கும் சேர்த்து."

ஏப்ரல் 15, சனி

காலையில் சகியாசி மீன் கொண்டுவந்தான். பெரிய மீனாக. தலைப்பகுதியை எனக்கு வைக்கச் சொன்னான். இரண்டு பேரும் உட்கார்ந்து செதில் உரசினோம்.

உனைசி தன் பாயை வெளி அறைக்குக் கொண்டுவந்து என் பாய்க்குப் பக்கத்தில் போட்டாள். "ராத்திரி அலாரம் வைங்க, நானும் எழுப்புறேன்," என்றாள். எதிர்த்துப் பேசிப் பார்த்தேன். "சும்மா படுங்க."

ஏப்ரல் 27, வியாழன்

தலைவரின் பேத்தியைப் பெண் கேட்டு, கிழக்குத் தீவுகளிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மே மாதம் வருகிறார்கள். அவர்கள் தரப்பில் பேசுகிறவன் பெயர் பெற்ற வாய்க்காரனாம். எங்கள் தரப்பில் யார்?

தலைவரைப் பார்க்கப் போனேன். "சகியாசி பேசட்டும், ஐயா. நான் பின்னாடி உக்காந்து எடுத்துக் குடுக்கிறேன். வெளியூர்க்காரங்க முன்னாடி ஏதாவது ஆயிட்டா உங்களுக்குத்தான் அவமானம்."

காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "என் வாயை நான் மாத்துறதில்ல," என்றார்.

"ஐயா, மூணு மணி நேரம்—"

"அது என் கவலை."

அவர் எப்படிக் கவலைப்படுவார்? வழக்கம் அவருக்கும் மேலே. வரும் வழியெல்லாம் கோபம். இந்த முறை நிஜக் கோபம்.

மே 12, வெள்ளி

நாளை. பேச்சு தயாராக இருக்கிறது. மற்றது தயாராக இல்லை. உனைசி இரட்டை டயப்பர், கறுப்பு சூலு, மேலே கட்ட மரப்பட்டைத் துணி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். சதையை இறுக்குகிறேன், விடுகிறேன். எழுதும்போதும் செய்கிறேன்.

மே 14, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

கூடம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பாய் பாயாக, பல் பல்லாகக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் வாய்க்காரன் உண்மையிலேயே பேசத் தெரிந்தவன், எங்கள் ஊர்க் கடலையும் மீனையும் புகழ்ந்தே அரை மணியைக் கழித்தான். நான் பதில் பேசினேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. இத்தனை மாதம் வாயை மூடி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. பெண்ணின் வம்சத்தைச் சொல்லும்போது எதிர்ப்பக்கத்துக் கிழவர்களே தலையாட்டினார்கள். சகியாசி என் பின்னால் இருந்தான். ஒரு வார்த்தைகூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு யங்கோனா மரச்சட்டி வந்தது. தலைவர் குடித்தார். அடுத்தது எனக்கு. ஊற்றுகிறவன் கேட்பதற்கு முன்பே தலைவர், "என் வாய்க்கு வத்தம்," என்றார். கால் சிரட்டை. வாங்கிக் குடித்தேன். "காலி!" — ஊரே சொன்னது. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்பேன் என்று நினைத்ததில்லை.

சுற்று சுற்றாகப் போயிற்று. விருந்தாளிகள் நிறுத்துவதாக இல்லை. சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நேரமாகிவிட்டது. இறுக்கினேன். இன்னும் ஒரு சுற்று. நெற்றி வியர்த்தது. இனிமேல் எந்த நிமிடமும்... ஆண்டவரே, இவர்கள் முன்னால் வேண்டாம்.

அப்போது தலைவர் ஊன்றுகோலைத் தேடினார்.

அவர் சபை நடுவில் எழுந்து நான் பார்த்ததே இல்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, முழங்கால் நொடிக்க, முனகிக்கொண்டே எழுந்தார். எல்லோரும் தலையைத் தாழ்த்தினார்கள். "மன்னிக்கணும்," என்றார் விருந்தாளிகளைப் பார்த்து. "வயசாயிடுச்சு. வெளியே போகணும்." பிறகு திரும்பினார். "நெத்தானி, வா."

தலைவர் எழுந்தால் அவருடைய வாயும் கூடவே போக வேண்டும். அதுதான் வழக்கம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை.

கூடத்துக்குப் பின்னால், வாழைகளுக்கு மறைவில், யாரோ புதிதாக ஒரு கழிப்பறை கட்டி வைத்திருந்தார்கள். தென்னங்கீற்றுச் சுவர், பச்சை வாசம் இன்னும் போகவில்லை. உள்ளே உட்கார ஒரு பெட்டி, தண்ணீர் வாளி, மாற்ற ஒரு சூலு. உள்ளே போனேன். தளர விட்டேன். வந்தது — எல்லாம், நல்லபடியாக, வரவேண்டிய இடத்தில். வெளியே அவர் ஊன்றுகோலோடு எனக்கு முதுகைக் காட்டி நின்று, வருகிறவர் யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதே," என்றார் திரும்பாமல். "நான் எந்திரிச்சதுக்கே இவ்வளவு நேரம் ஆச்சு. நீயும் மெதுவாப் பண்ணு."

இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இரண்டு முறை எழுந்தார். இரண்டாவது தடவை சகியாசி அவரைத் தாங்கிக்கொண்டான்.

பெண்ணைக் கொடுத்தோம்.

ஜூன் 17, சனி

இப்போது ஊர்க்கூடத்தில் நடுவில் ஒருமுறை தலைவர் எழுகிறார், வெளியூரார் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவர் எழுந்ததும் கிழவர்கள் ஒவ்வொருவராகப் பின்னாலேயே வருகிறார்கள். நேற்று வாழைத்தோப்பில் ஏழு பேர் வரிசையில் நின்றோம். எல்லோரும் இத்தனை வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்.

பகல் பெரும்பாலும் காய்ந்துவிட்டது. ராத்திரி இன்னும் நனைகிறது. சில ராத்திரி உனைசி எழுப்புகிறாள், சில ராத்திரி இருவருமே தூங்கிவிடுகிறோம்.

இன்று பாயை அவளே எடுத்துக்கொண்டு போய் முன்வாசல் கொடியில் போட்டாள். நான் தடுக்கவில்லை. கலியோவா பாதையில் பேரனோடு வந்தவன் நின்று பார்த்தான்.

"மச்சான், எங்க வீட்டுலயும் இவனோடது காயுது. யார் முதல்ல நிறுத்துறீங்கன்னு பார்ப்போமா?"

"பந்தயம் வேண்டாம்டா," என்றேன். "அவன் சின்னப் பையன், தோத்தா அழுவான்."

பாய் மத்தியானத்துக்குள் நன்றாகக் காய்ந்துவிட்டது.